சுருக்குப்பையில் சைக்கிள் சாவி

ஜூலை 9, புதன்

சைக்கிள் சாவியைக் காணோம் என்று காலையில் வீட்டையே தலைகீழாக்கினேன். செருப்பு அலமாரி, அரிசி டப்பா, துவைக்கப் போட்ட ஜீன்ஸ் பாக்கெட், எதிலும் இல்லை. அலுவலகத்துக்கு நேரமாகிறது. அத்தை பாட்டுக்குச் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தை என்றால் பூபாலனின் அம்மா, என் மாமியார். பிரசவம் பார்க்கச் சென்னிமலையிலிருந்து போன மாதக் கடைசியில் வந்து இறங்கியவர்.

"சாவியப் பாத்தீங்களா அத்தை?"

"பாத்தனே. எங்கிட்டத்தான் இருக்குது கண்ணு. கொழந்த பொறக்கட்டும், தர்றேன்."

இடுப்பில் தொங்கிய சுருக்குப்பையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு மறுபடி கீரைக்குப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இத்தனை பிரியமாகத் திருடினால் என்னதான் செய்வது?

ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் இல்லாமல் இருப்பது காலில் செருப்பில்லாமல் இருப்பது மாதிரி. இரண்டு வருடமாகத் தினமும் வீட்டிலிருந்து படகுத்துறை வரை மிதித்து, சைக்கிளோடு படகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி ஊரைக் குறுக்கே கடந்து அலுவலகம் போகிறவள் நான். இன்று பஸ்ஸில் போனேன்.

சாயங்காலம் ஏழாம் மாதச் சோதனை. மருத்துவச்சி மரெய்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அத்தை விடவில்லை, சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்கும்படி மகனைப் பிடித்து உலுக்கினார். மரெய்கே சிரித்தாள். உடம்பு முடிகிற வரை தாராளமாக ஓட்டட்டும், என் இரண்டாவது பிரசவத்துக்கு நானே சைக்கிளில்தான் ஆஸ்பத்திரி போனேன் என்றாள். பூபாலன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பி, "ஜாக்கிரதையா இருந்துக்கச் சொல்றாங்கம்மா" என்றார்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் பொறுமை இல்லை. எனக்கும்தான் வாய் இருக்கிறது. ஏனோ திறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

சாவி இன்னும் சுருக்குப்பையில். பஸ்ஸில் வாந்தி. சைக்கிளில் ஒரு நாள்கூட எனக்கு வாந்தி வந்ததில்லை என்பதை யாராவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 11, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. எங்கள் பக்கத்தில் வளைகாப்பை அப்படித்தான் சொல்வோம். பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து பந்தி வைப்பார்கள், பெண்ணுக்குக் கை நிறைய வளையல் அடுக்குவார்கள். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் ரெஜினா அக்கா பிறந்த வீடாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். நாகர்கோவில்காரர், இந்த ஊரின் தெற்குக் கோடியில் தோட்டத்தோடு வீடு. "நானும் ஒனக்கு அம்மெதாம் மக்ளே, ஏழு சோறு நான் கெட்டுகேன்" என்று போனில் சொன்னபோது அழுதுவிட்டேன். அழுகை இப்போதெல்லாம் சும்மா வருகிறது.

மத்தியானம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அத்தை சமையலறையில் காங்கேயத்துத் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் இரண்டு பேரும் கத்தித்தான் பேசுவார்கள். என் பெயர் வந்தது. சாவியைப் பறித்து வைத்தது நல்ல காரியம் என்றது போன். "பின்ன? போன தடவ வண்டி ஓட்டித்தான அப்படி ஆச்சு" என்றார் அத்தை. அது என்னமோ ஊருக்கே தெரிந்த விஷயம் போல, பருப்பில் உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரலில்.

ஆமாம், ஊருக்கே தெரியும். நான்கு வருடமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வண்டி கிண்டி ஓட்டாத சாமி" என்பார். நான் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன். அதற்கு இந்த நோட்டு இல்லை.

நாளைக்கும் நாளை மறுநாளும் சைக்கிள் ஓட்டப் போகிறேன். என் சைக்கிள் இல்லாவிட்டால் வாடகைச் சைக்கிள். ஓட்டுவேன் என்றால் ஓட்டுவேன்.

ஜூலை 12, சனி

வாழையிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய் இல்லை, வாழையிலையும் வாங்கினேன். படகில் நடந்தே ஏறி அந்தப் பக்கம் இறங்கி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடையில் ஞாயிறு முடிய ஒரு சைக்கிள் எடுத்தேன். கடைக்காரன் என் வயிற்றைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நான் முறைத்துக்கொண்டு நின்றால், அவன் இருக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான். இப்போது வயிறு இடிக்காது என்றான். அவ்வளவுதான். ஒரு ஆள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு உருப்படியாக ஏதாவது செய்தது இந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

என்ன வெயில்! இந்த ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு வெயில் கிடைத்தால் திருவிழா. கால்வாய் ஓரமெல்லாம் சட்டையில்லாமல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். படகில் பாட்டு. நான் சீனர் கடைத் தெருவுக்குப் போய் வாழையிலைக் கட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் மணி அடித்துக்கொண்டே போனேன். இங்கே மணி அடித்தால் விலகு என்று அதட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். ஈரோட்டில் மணி என்றால் நான் வருகிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டு வருடம் பழகியும் என் கட்டைவிரல் இந்த ஊருக்கு மாறவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்து டச்சில் திட்டினாள். நான் இன்னொரு தடவை அடித்தேன். இன்று எனக்கு யாருக்கும் பயப்படுகிற உத்தேசம் இல்லை.

பெரிய அருங்காட்சியகத்துக்கு நடுவே சைக்கிள் போகிற சுரங்கம் மாதிரி ஒரு வழி உண்டு, எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த இடம். யாரோ ஒருவன் உள்ளே நின்று வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். கூரையில் பட்டு அந்தச் சத்தம் சைக்கிளோடு கூடவே வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை. உனக்கும் பிடித்திருக்கிறதா என்று சத்தமாகவே கேட்டேன்.

சுரங்கத்தின் வெளி வாசலில் பூபாலன் நின்றார். கையில் போன். நான் இருக்கும் இடத்தை அதில் பார்த்து, டிராம் பிடித்து வந்திருக்கிறார். கூடவே போ, கண்ணை எடுக்காதே என்று அம்மா துரத்திவிட்டாராம். திரும்பிப் போகலாம் என்று கெஞ்சினார். கூட வருவதானால் நீங்களும் ஒரு சைக்கிள் எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள் என்றேன். வேறு வழியில்லாமல் எடுத்தார். இரண்டு வருடத்தில் இந்த ஊரில் அவர் சைக்கிள் தொட்டது இன்றுதான், மெட்ரோவிலேயே வேலைக்குப் போய் வருகிற மனிதர்.

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் படிக்கும்போது சென்னிமலை அடிவாரத்தில் கையை விட்டு ஓட்டுவாராம். நான் எச்சரித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளில் கைப்பிடியில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் அதுதான் பிரேக். நம் ஊரில் மேட்டிலிருந்து இறங்கும்போது சும்மா டிக் டிக் டிக் என்று பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே வருவோமே, ஒரு சுகத்துக்காக. நம்மவர்கள் எல்லோரும் இங்கே வந்து விழுவது அந்தப் பழக்கத்தால்தான், முதல் வாரம் நானும் விழுந்தேன். பூபாலன் கால்வாய்ப் பாலத்தின் மேட்டிலிருந்து இறங்கும்போது ஒய்யாரமாகப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். சைக்கிள் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஒரு ஓட்டல் வாசல் பூந்தொட்டிக்குள் போய் விழுந்தார்.

முதலில் சிரித்தது நான்தான். பிறகுதான் ஓடினேன்.

முழங்காலில் நல்ல சிராய்ப்பு. ஆம்ஸ்டல் ஆற்றங்கரைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். நல்ல மனநிலையில்தான் இருந்தேன். அப்போது அவர் சொன்னார்:

"அம்மாகிட்டச் சொல்லிராத வாணி. இன்னும் பயந்துக்குவாங்க."

"சொல்லாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லா வருமே மாமா."

அவர் முகம் மாறியது. எதைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. தெரியும்.

நேற்று எழுத மாட்டேன் என்றேன். இன்று எழுதுகிறேன், என் நோட்டு, என் இஷ்டம். நான்கு வருடத்துக்கு முன் ஆவணியில், ஐந்தாம் மாதத்தில், ஈரோட்டில் எங்கள் முதல் குழந்தை போய்விட்டது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதற்குக் காரணம் எதுவும் இல்லை, நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். வெளியே வராந்தாவில் அத்தை மகனைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ஓட்டினாளாடா?" என்று கேட்டார். எனக்குக் கட்டிலில் படுத்தபடியே கேட்டது. என் ஸ்கூட்டி அதற்கு முந்தின வாரமே என்ஜின் வேலைக்காக வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. கொண்டுபோய் விட்டதே பூபாலன்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், அவரிடமிருந்து காங்கேயம், காங்கேயத்திலிருந்து பெருந்துறை, பிறகு ஊர்.

ஏன் என்று நான்கு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அம்மா தலைல அடிச்சுட்டு அழுதுட்டிருந்தாங்க. ஏதோ ஒரு காரணம் கெடச்சா ஆறிருவாங்கன்னு விட்டுட்டேன்."

"அவங்க ஆறிட்டாங்க. நான்?"

 நாளைக்கு நான் சைக்கிளில்தான் வருவேன் என்றேன். நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளையல் போடும்போது எல்லார் முன்னாலும் நானே சொல்வேன் என்றேன்.

எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் கிடையாது, அதையும் எழுதி வைக்கிறேன். வண்டி ஓட்டவில்லை. அந்த வாரம் ஒரு குடம் தண்ணீர் தூக்கினேன், அவசரத்தில் மாடிப்படி இரண்டு இரண்டாக ஏறினேன், ஒரு கல்யாணத்தில் அன்னாசிப் பழம் ஒரு துண்டு சாப்பிட்டேன், சின்னத் துண்டு. அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சைக்கிளை எங்கள் கட்டடத்துக்குக் கீழே நிறுத்தினேன். அத்தை பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு, காலை

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கண் வீங்கியிருந்தது. "உனக்கு அப்படி என்ன கண்ணு வீம்பு?" என்றார். வீம்புதான் அத்தை என்றேன். ரெஜினா அக்கா வீட்டுக்காரர் கார் கொண்டுவந்திருக்கிறார். அவர்கள் மூவரும் காரில். நான் கிளம்புகிறேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுத உடம்பில் தெம்பில்லை. இன்று விடுப்பு. வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மறைப்பு இருக்கிறது, புடவை சிக்காது. முந்தானையைச் சொருகிக்கொண்டு, தலையில் ரெஜினா அக்கா எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்தனுப்பிய முழம் பூவோடு படகில் நின்றேன். இரண்டு சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுங்கள், நன்றாக எடுங்கள் என்றேன். பிறகு ஊரை வடக்கிலிருந்து தெற்காக முழுசாகக் கடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, தெரு காலியாக இருந்தது. பூங்கா நிழலில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். சொல்லியிருப்பாரா?

தோட்டத்துக் கதவருகே மணி அடித்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலன் புளிச்சோற்று அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஆப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பதினைந்து பெண்கள் இருந்திருப்பார்கள். அத்தைதான் முதலில் சந்தனம் பூசி வளையல் போட வேண்டும். பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தார். என் கையைப் பிடித்தார். அத்தனை பேர் முன்னாலும், சண்டைக்கு இல்லை, பயத்தில்தான், சொன்னார்: "இந்தத் தடவையாச்சும் சூதானமா இருந்துக்கோ கண்ணு. அந்த மாதிரி வண்டி..."

பூபாலனைப் பார்த்தேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சரி, போதும்.

"அத்தை, அன்னிக்கு நான் வண்டி ஓட்டலீங்க. வண்டி வொர்க்‌ஷாப்புல கெடந்துச்சு. கொண்டுபோய் விட்டதே உங்க பையன்தான்."

 அத்தை வளையலை என் கையில் பாதியில் விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"நெசமாடா?"

"ஆமாங்கம்மா."

"அப்பறம் ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

அவர் என்னிடம் சொன்னதையே முனகினார், நீங்கள் அழுதீர்கள், ஆறிவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்று. அத்தை அவரை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. "நாலு வருசமா என்னையப் பொய் பேச வெச்சுட்டயேடா பாவி" என்று மட்டும் சொன்னார். பிறகு என் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அப்பறம் எதனால கண்ணு போச்சு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு எத்தனையோ பதில் தயாராக வைத்திருந்தேன், இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை.

"காரணமே இல்லீங்க அத்தை. டாக்டரம்மா சொன்னாங்க. நான் பண்ணின எதனாலயும் இல்லையாமா."

"ஒண்ணுமே இல்லாமயா போவும்?"

"போகுமாமுங்க."

நான்கு வருடமாக இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு குடம், மாடிப்படி, அன்னாசித் துண்டு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. நான் உடைந்து அழுதேன். அத்தையும் அழுதார். ரெஜினா அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் ஒரே துண்டால் துடைத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, போனை எடுத்துத் தாருங்கள் என்றார். அங்கேயே, அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு காங்கேயத்துக்கு வீடியோ போட்டார். தங்கைக்குக் காது மந்தம், அதனால் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"மரகதம், நல்லாக் கேட்டுக்க. அன்னிக்கு இவ வண்டியே ஓட்டலையாமா. நாந்தான் தெரியாம சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறேன். நீ ஆருகிட்டயெல்லாம் சொன்னயோ, அத்தன பேருகிட்டயும் போயி நான் சொன்னேன்னு சொல்லிப்போடு."

போனில் ஏதோ இழுத்தார்கள். "கலியாண ஊட்ல வெச்சுத்தான சொன்ன, அதே மாதிரி கலியாண ஊட்லயே சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு வந்து பாதியில் நின்ற வளையலைக் கைக்குள் ஏற்றினார். அடுத்து சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியிலிருந்து சாவியை எடுத்து, சந்தனம் ஈரமாக இருந்த என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

ஏழு சோறும் தீர்ந்தது. தயிர்ச்சோற்றில் ரெஜினா அக்கா மாதுளை முத்துப் போட்டிருந்தார், அத்தைக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது நான் சைக்கிளில், அவர்கள் காரில். இந்தத் தடவை யாரும் மறிக்கவில்லை.

பூபாலனோடு இன்னும் நான் சமாதானமாகவில்லை. அம்மா திருத்திச் சொன்னால் ஊருக்குப் போதும், நான் ஊர் இல்லை. ராத்திரி வந்து, எனக்கும் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாயா என்று கேட்டார். முதலில் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றேன். காலையில், கேட்காமலேயே, மரெய்கே புதன்கிழமை உண்மையில் என்ன சொன்னாள் என்பதை அம்மாவிடம் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிரசவத்துக்குச் சைக்கிளில் போன கதை உட்பட. நான் அறைக்குள்ளிருந்து கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன், என் முறை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று என் சைக்கிள்.

ஒரு வாரம் நின்றதில் சங்கிலி கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் போட்டேன். முழங்கை வரை வளையல். பிரசவம் வரை கழற்றக் கூடாது, வளையல் சத்தம் உள்ளே கேட்குமாம். அலுவலகத்தில் கீபோர்டில் தட்டும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள், பார்க்கட்டும்.

அத்தை கீழே வரவில்லை. வந்தால் பயத்தில் பிடித்து நிறுத்திவிடுவேன் என்றார், மேலேயே இருந்துகொள்கிறேன் என்றார். பயம் போகவில்லை அவருக்கு. எனக்கும்தான் போகவில்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அத்தை பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. மணி அடிக்க ஒரு காரணமும் இல்லை.

அடித்தேன்.